அரக்கன் என்று சொல்லிவிட்டால் போதுமா?

நாட்டில் எங்கேனும் ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ காமவெறிக்கு இரையாகி உயிரையும் இழந்துவிட்டால், மறுநாள் நாம் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறோம். "அரக்கன்" என்கிறோம்; "மிருகம்" என்கிறோம்; இக்காலத்து வழக்கில் "சைக்கோ" என்கிறோம். மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போகிறோம். தூக்குத் தண்டனை வேண்டும் என்று முழங்குகிறோம். ஒரு மாதம் கழிகிறது, தேர்வு வந்துவிடுகிறது, மறந்துவிடுகிறோம்.

அந்தச் சீற்றம் நியாயமானது. சீற்றமே வராத சமுதாயம் செத்த சமுதாயம். ஆனால் சீற்றம் வேறு, அறிவு வேறு. கொன்றவனை அரக்கன் என்று சொன்ன கணத்திலேயே நாம் அவனை மனித இனத்திலிருந்து விலக்கி வைத்துவிடுகிறோம். விலக்கி வைத்த பின், அவன் எங்கிருந்து வந்தான், எப்படி வளர்ந்தான், கொலைக்கு முன் என்ன செய்தான், யார் கண்ணில் பட்டான், யார் கவனிக்கத் தவறினார்கள் என்ற கேள்விகளுக்கு இடமே இல்லாமற் போகிறது. அரக்கர்களுக்கு வரலாறு ஏது?

உளவியல் பயிலும் மாணவி என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். தமிழ்ச் சங்க மலரில் இப்படியொரு பொருளா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொங்கல் விழாவைப் பற்றியும் பண்டை இலக்கியத்தைப் பற்றியும் எழுதும் இடத்தில் கொலையைப் பற்றி எழுதலாமா? எழுதலாம் என்றே நினைக்கிறேன். நம்மில் சட்டம் பயில்வோர் இருக்கின்றனர், மருத்துவம் பயில்வோர் இருக்கின்றனர், நாளை ஐ.பி.எஸ். தேர்வு எழுதிக் காக்கிச் சட்டை அணியப் போகிறவர்களும் இருக்கின்றனர். இன்னும் சில ஆண்டுகளில் இவ்வழக்குகள் நம் மேசைக்கே வரும். அன்றைக்கு நம் கையில் இருக்கப் போவது ஆராய்ந்து அறிந்த அறிவா, சினிமாவில் பார்த்த கற்பனையா என்பதே கேள்வி.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். பாலியல் கொலை என்று ஆராய்ச்சியாளர் சொல்வது, கொலையும் பாலியல் நோக்கமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் குற்றத்தை. இந்தப் பிணைப்பை எப்படி அறிவது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. உடலில் கிடைத்த தடயத்தைக் கொண்டு சொல்வோர் உண்டு. குற்றவாளியின் நோக்கத்தைக் கொண்டு சொல்வோர் உண்டு. பலாத்காரம் செய்தவன் பிடிபடாமல் தப்புவதற்காகக் கொன்றால் அது இவ்வகையில் சேருமா? சேரும் என்பார் சிலர்; அது வேறு வகை என்பார் சிலர். இலக்கணமே இப்படி இருக்கும்போது, "பாலியல் கொலையாளி இப்படிப்பட்டவன்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் எந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு யாரை எண்ணினார் என்று கேட்பது நம் கடமை.

இந்தியாவில் இது எவ்வளவு? தேசியக் குற்ற ஆவணக் கூடம் பலாத்காரத்தோடு கூடிய கொலைகளைத் தனியாகக் கணக்கிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் அத்தகைய வழக்குகள் 248. அதே ஆண்டில் நாடெங்கும் பதிவான கொலை வழக்குகள் 28,522. பலாத்கார வழக்குகள் 31,516. அதாவது நூறு கொலைகளில் ஒன்றுகூட இந்த வகையில் சேரவில்லை. பதிவாகாமற் போனவையும், கொலை என்று மட்டும் பதிவானவையும் இருக்கலாம். எனினும் இது அரிதான குற்றம் என்பதில் ஐயமில்லை. மேல்நாடுகளிலும் இப்படித்தான், மொத்தக் கொலைகளில் இது ஒரு சிறு பகுதியே.

அரிதான குற்றத்தை ஏன் ஆராய வேண்டும்? அரிதாக இருப்பதாலேயே ஆராய வேண்டும். ஒரு காவல்துறை அதிகாரி தம் பணிக் காலம் முழுவதிலும் இப்படிப்பட்ட வழக்கு ஒன்றையோ இரண்டையோதான் காண்பார். அனுபவத்தால் கற்க அவருக்கு வாய்ப்பில்லை. பலருடைய அனுபவத்தைத் திரட்டி எண்ணிப் பார்த்து அவர் கையில் தருவதற்கே ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

இந்த ஆராய்ச்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆஸ்திரிய நாட்டில் பணியாற்றிய மனநோய் மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1886-இல் வெளியிட்ட நூலிலேயே காமக் கொலையைப் பற்றி எழுதினார். அவர் செய்தது தனித்தனி மனிதர்களின் கதையைக் குறித்து வைத்தது. எண்ணிப் பார்க்கும் முயற்சி வெகு காலம் கழித்தே வந்தது.

அந்த முயற்சிகளில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனம் நடத்தியது. ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் என்ற இரு அதிகாரிகளும், ஆன் பர்கெஸ் என்ற மனநலச் செவிலியர் பேராசிரியையும் சேர்ந்து, சிறையில் இருந்த 36 பாலியல் கொலையாளிகளைப் பற்றிய செய்திகளை நேர்காணல் வழியாகவும் ஆவணங்கள் வழியாகவும் திரட்டினர். 1988-இல் அது நூலாக வெளிவந்தது. அவர்கள் குற்றவாளிகளை இரண்டாகப் பிரித்தனர். திட்டமிட்டுச் செய்பவன் ஒருவன். அவன் அறிவுள்ளவன், நாலு பேரோடு பழகுபவன், தடயத்தை மறைப்பவன். திட்டமின்றிச் செய்பவன் மற்றொருவன். அவன் தனித்து வாழ்பவன், குழம்பிய மனமுடையவன், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுச் செல்பவன். அந்த 36 பேரில் 24 பேர் முதல் வகை, 12 பேர் இரண்டாம் வகை என்றனர். கொலை நடந்த இடத்தைப் பார்த்தே, செய்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்தது.

எவ்வளவு கவர்ச்சியான எண்ணம் பாருங்கள்! நாவல்களும் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இதைப் பற்றிக்கொண்டன. நம் விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் வாதங்களிலும் "அவன் திட்டமிட்டுச் செய்கிற ரகம்" என்று நண்பர்கள் தீர்ப்புச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கச் சிறைகளில் இருந்த 36 மனிதர்களின் நிழல் இங்கே நம் சோற்றுத் தட்டு வரை நீண்டிருக்கிறது.

அந்த 36 பேர் யார்? பேச இசைந்தவர்கள், பிடிபட்டவர்கள், பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர், பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றுக்கு மேற்பட்ட கொலைகளைத் தொடர்ந்து செய்தவர்கள். பாலியல் கொலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கொலையோடு பிடிபட்டுவிடுகிறவர்கள் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே அந்த 36 பேர் கூட்டத்தின் நடுவே நிற்பவர்கள் அல்லர். அதன் ஓரத்தில் நிற்பவர்கள். ஓரத்தைப் பார்த்துவிட்டு நடுவைப் பற்றிப் பேசலாமா? சோற்றுப் பானையில் அடிப்பிடித்த பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு முழுப் பானையையும் மதிப்பிடலாமா?

இந்த இரண்டு வகைப் பிரிவைச் சோதித்துப் பார்த்தவர் இங்கிலாந்து உளவியலறிஞர் டேவிட் கேன்டர். அவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கத் தொடர் கொலையாளிகள் நூறு பேரின் கொலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 39 கூறுகள் உண்டா இல்லையா என்று பார்த்தனர். 2004-இல் முடிவை வெளியிட்டனர். திட்டமிட்ட வகையின் கூறுகள் ஒரு பக்கமும் திட்டமிடாத வகையின் கூறுகள் மறு பக்கமும் தனித்தனியே திரளவில்லை. திட்டமிட்ட செயலின் கூறுகள் பெரும்பாலான கொலைகளில் பொதுவாகவே இருந்தன. மற்ற வகைக் கூறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. இரண்டு பெட்டி என்று சொன்னார்கள்; திறந்து பார்த்தால் எல்லாம் கலந்து கிடந்தது.

"சரி, ஆராய்ச்சியாளர்களுக்குள் நடக்கும் சச்சரவு இது, நமக்கென்ன?" என்று கேட்கலாம். லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1992-இல் விம்பிள்டன் பொது வெளியில் ஓர் இளந்தாய், தன் சிறு மகன் கண்ணெதிரே கொல்லப்பட்டாள். உளவியலறிஞர் ஒருவர் கொலையாளியின் மனச் சித்திரத்தை வரைந்து கொடுத்தார். அந்தச் சித்திரத்துக்குப் பொருந்துகிறான் என்று ஒருவனைப் போலீசார் குறி வைத்தனர். பெண் போலீஸ் ஒருவர் வேறு பெயரில் அவனோடு நட்புப் பாராட்டி, மாதக் கணக்கில் வாயைக் கிளறினார். அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. 1994-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, இப்படித் திரட்டிய சாட்சியத்தை ஏற்க முடியாது என்று நீதிபதி தள்ளிவிட்டார்; அவன் விடுதலையானான். உண்மையான கொலையாளி யார்? வேறொருவன். போலீசார் தவறான மனிதனைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், 1993 நவம்பரில், அவன் இன்னொரு பெண்ணையும் அவளுடைய சிறு குழந்தையையும் அவர்கள் வீட்டிலேயே கொன்றான். விம்பிள்டன் கொலையைச் செய்தவன் அவனே என்பது மரபணுச் சோதனையின் துணையால் 2008-இல் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று.

தவறான சித்திரம் ஒரு நிரபராதியின் வாழ்வைச் சிதைத்தது. அதனினும் பெரிய கேடு, உண்மையானவனை வெளியே நடமாட விட்டது. ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகைப்பாடு தவறினால் பேராசிரியர் மதிப்பெண் குறைப்பார். காவல் நிலையத்தில் தவறினால் இன்னோர் உயிர் போகும்.

அப்படியானால் ஆராய்ச்சியே வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. பகட்டான வகைப்பாடுகள் சரிந்த இடத்தில், அடக்கமான சில உண்மைகள் நிலைத்து நிற்கின்றன.

இக்குற்றத்தைச் செய்வோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இறப்போரில் பெரும்பாலோர் பெண்கள். செய்வோரின் வயது பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறது. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலும்கூட இந்தக் கொலைகளில் துப்பாக்கியின் பங்கு குறைவு. கையும் கயிறும் கத்தியுமே மிகுதி. மற்றக் கொலைகளை நோக்க, முன்பின் அறியாதவரால் கொல்லப்படுவது இதில் அதிகம். எனினும் அறிமுகமானவர் செய்வதும் குறைவன்று. செய்தவர்களில் பலருக்கு முன்பே குற்றப் பதிவு உண்டு. ஆனால் அது பாலியல் குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருட்டு, அடிதடி, வீடு புகுதல் என்று பலவகையாக இருக்கிறது.

இங்கிலாந்தில் டான் குரூபின் என்ற மருத்துவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது. பாலியல் நோக்கத்தோடு கொலை செய்த 21 பேரை, பலாத்காரம் செய்து கொலை செய்யாத 121 பேரோடு அவர் ஒப்பிட்டார். இந்த ஒப்பீடுதான் முக்கியம். கொலையாளிகளை மட்டும் பார்த்து, "இவர்களில் பலர் இளமையில் துன்புற்றவர்கள்" என்று சொன்னால் அதில் பொருளில்லை. துன்புற்றும் நல்லவர்களாக வாழ்வோர் கோடிக்கணக்கானவர். பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும். குரூபின் கண்ட வேறுபாடுகள் சிலவே. அவற்றுள் முதன்மையானது தனிமை. கொலை செய்தவர்கள் இளமையிலிருந்தே மற்றவரோடு நெருங்காமல், துணையின்றி, உறவின்றி வாழ்ந்தவர்களாக அதிகம் காணப்பட்டனர். மற்றப் பல கூறுகளில் இரு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தனர்.

இதை நன்கு சிந்தித்துப் பாருங்கள். பலாத்காரம் செய்தவனுக்கும் கொலையும் செய்தவனுக்கும் இடையே பெரிய மதில் ஒன்றும் இல்லை. கொலை வரை போகாதவனை நாம் இலேசாக எண்ணிவிடுகிறோம். கொன்றவனை மட்டும் வேறு கிரகத்தவனாக எண்ணுகிறோம். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை.

நோக்கங்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பொதுவாக மூன்று வழிகளைக் காண்கின்றனர். துன்புறுத்துவதிலேயே இன்பம் காண்பவன் ஒருவன். பெண்கள் மீதோ உலகத்தின் மீதோ தேக்கி வைத்த ஆத்திரத்தை ஒரு கணத்தில் கொட்டுபவன் ஒருவன். பலாத்காரம் செய்துவிட்டு, காட்டிக் கொடுத்துவிடுவாளே என்று அஞ்சிக் கொல்பவன் ஒருவன். திரைப்படங்கள் முதலாமவனை மட்டுமே காட்டுகின்றன. மற்ற இருவரும் கதைக்கு உதவாதவர்கள். அவர்களிடம் மர்மம் இல்லை. ஆனால் நீதிமன்றங்களுக்கு அவர்களும் வருகிறார்கள். மூன்றாமவனைப் பற்றி நம் சட்டமியற்றுவோர் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பலாத்காரத்துக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றாகிவிட்டால், சாட்சியை உயிரோடு விட அவனுக்கு என்ன காரணம் மிஞ்சும்? பலாத்காரத்துக்கு மரண தண்டனை கூடாது என்று நீதிபதி வர்மா குழு 2013-இல் கூறியது. தில்லியே கொதித்துக் கிடந்த நேரத்தில் அப்படிச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவிக்க வேண்டும். படுக்கையை நனைத்தல், தீ வைத்தல், பிராணிகளை வதைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அக்குழந்தை பிற்காலத்தில் கொலையாளியாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1963-இல் மெக்டானல்டு என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து அது வந்தது. அவர் பார்த்ததோ, கொலை செய்வேன் என்று மிரட்டிய நோயாளிகளை! பின்னாளில் அவரே இதை நிலைநாட்ட முடியவில்லை. ஆனால் நம்பிக்கை மட்டும் சாகவில்லை. படுக்கையை நனைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளையை நாளைய கொலையாளி என்று பார்க்கும் பள்ளி ஆசிரியரை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கொலையாளிக்கென்று ஒரு முகம் இல்லை என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் வழக்கு நல்ல சான்று. 1983-இலும் 1986-இலும் அருகருகே இருந்த சிற்றூர்களில் பதினைந்து வயதுப் பெண்கள் இருவர் கொல்லப்பட்டனர். பதினேழு வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். ஒரு கொலையை ஒப்புக்கொண்டும்விட்டான். அலெக் ஜெஃப்ரீஸ் என்ற அறிவியலறிஞர் அப்போதுதான் மரபணுவைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அச்சோதனை, இரண்டு கொலையும் ஒருவன் செய்தவை, அவன் இந்தப் பையன் அல்லன் என்று காட்டியது. உலகில் மரபணுச் சோதனை ஒரு கொலை வழக்கில் முதன்முதல் செய்த வேலை நிரபராதியைக் காப்பாற்றியதே! உண்மைக் குற்றவாளி 1988-இல் தண்டிக்கப்பட்டான். அவன் மனைவி மக்களோடு வாழ்ந்தவன். ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். "தனித்து வாழும் பித்தன்" என்ற சித்திரத்துக்கு அவன் பொருந்தவில்லை. ஆனால் பெண்கள் முன் அநாகரிகமாக நடந்துகொண்டதற்காக முன்பே தண்டனை பெற்றிருந்தான். அந்தச் சிறு குற்றம் சிறு குற்றமாகவே விடப்பட்டது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். தில்லியை ஒட்டிய நொய்டாவில் நிதாரி என்ற ஊர். அங்கே 2005, 2006 ஆண்டுகளில் ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமற் போயினர். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடந்தனர், விரட்டப்பட்டனர். 2006 டிசம்பரில் ஒரு வீட்டின் பின்புறத்துச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. அன்று பத்திரிகைகள் எழுதாத மனச் சித்திரம் உண்டா? நர மாமிசம், பித்து, பேய் என்று பக்கம் பக்கமாக வந்தது. கீழ் நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனைகள் விதிக்கப்பட்டன. முடிவு என்ன? 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அறுபது நாள் போலீஸ் காவலுக்குப் பின் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நம்ப இயலாது, புலனாய்வு பாழ்பட்டுவிட்டது என்றது. 2025 நவம்பரில் எஞ்சியிருந்த கடைசி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், தங்கள் குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு அந்தப் பெற்றோர் கையில் விடை இல்லை.

நிதாரி தொலைவு என்று எண்ண வேண்டாம். 2017-இல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கை நாம் எல்லோரும் அறிவோம். 2018-இல் விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. தற்காப்புக்கு உரிய வாய்ப்பு முறையாகத் தரப்படவில்லை, சான்றுகளின் சங்கிலி அறுந்து கிடக்கிறது என்றது. ஐதராபாத்தில் 2019-இல் என்ன நடந்தது? இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட ஒன்பதாம் நாள் குற்றம் சாட்டப்பட்ட நால்வரும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் போலீசார் மீது பூமாரி பொழிந்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழு, போலீசார் சொன்ன கதை நம்பத்தக்கதன்று என்று 2022-இல் அறிவித்தது.

இம்மூன்று இடங்களிலும் ஒரே நோய்தான். "அரக்கன் கிடைத்துவிட்டான்" என்ற மகிழ்ச்சியில், அவன்தானா என்று நிறுவும் உழைப்பை விட்டுவிட்டோம். அரக்கனுக்கு விசாரணை எதற்கு என்ற எண்ணம், கடைசியில் விசாரணையையே கெடுத்து, இறந்த குழந்தைக்கும் நீதியில்லாமல் செய்துவிட்டது.

நம் நாட்டில் இந்தக் குற்றவாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி எந்த நிலையில் இருக்கிறது? மிகவும் சிறிது. இருப்பதில் குறிப்பிடத்தக்கது தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக் கழகத்தார் மரண தண்டனைக் கைதிகளைப் பற்றிச் செய்தது. 2016-இல் வந்த அறிக்கை, அக்கைதிகளில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்றது. 2021-இல் வந்த மற்றொன்று, 88 கைதிகளை நேரில் கண்டு, அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு மனநோய் இருப்பதைக் கூறியது. இவர்கள் எல்லோரும் பாலியல் கொலை செய்தவர்கள் அல்லர். ஆனால் அவ்வழக்குகளில் தண்டனை பெற்றோரும் இவர்களுள் உண்டு. தூக்குத் தண்டனையைப் பற்றி முடிவு செய்யுமுன், குற்றவாளியின் மனநிலை, வளர்ப்பு, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2022-இல் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது. அந்த அறிக்கைகளை எழுதப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்? அமெரிக்கக் கணக்கை மொழிபெயர்த்து ஒப்பிப்பதா? கூட்டுக் குடும்பமும் சாதியும் ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்த தனிமையும் நிறைந்த நம் வாழ்க்கை அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?

ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். "கொன்றவனின் இளமையைப் பற்றி இவ்வளவு பேசுகிறாயே, இறந்தவளைப் பற்றிப் பேச மாட்டாயா?" என்று தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவள் கேட்டது முற்றும் சரி. ஆராய்வது என்றால் மன்னிப்பது என்று பொருளன்று. காசநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர் கிருமிக்கு வக்கீல் அல்லர். ஆனால் இந்தத் துறையில் ஒரு குறை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கொன்றவர்களின் பெயர்கள் உலகமெங்கும் தெரிகின்றன. இறந்தவர்கள் எண்களாக நிற்கின்றனர். கொலையாளி சொல்வதையே ஆதாரமாகக் கொள்ளும் ஆராய்ச்சி, அவன் தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்ளவும் இடம் தருகிறது. அதனால்தான் அவன் வாயைவிட ஆவணம் மேல், ஆவணத்தைவிடத் தடயம் மேல் என்கிறேன்.

கடைசியாக, நம் வளாகத்தோடு நேரே தொடர்புடைய ஒன்று. மாணவியர் விடுதிக் கதவை இரவில் சீக்கிரமே அடைப்பதற்குச் சொல்லும் காரணம் எது? இருட்டில் ஒளிந்து நிற்கும் அறியாத அரக்கன். 2015-இல் தில்லி மாணவியர் 'பிஞ்சரா தோட்' என்று கூண்டை உடைக்கும் இயக்கமே தொடங்கினர். அந்த அரக்கனை வைத்து விதி செய்வோர் ஆவணக் கூடத்தின் கணக்கைப் பார்க்கட்டும். நாட்டில் பதிவாகும் பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவன். உறவினன், நண்பன், அண்டை வீட்டான், வேலை தருபவன். கதவை அடைத்தால் இவர்கள் வெளியே நிற்பார்களா? 2024-இல் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டது இருண்ட தெருவில் அன்று. அவர் பணிபுரிந்த மருத்துவமனைக்குள்ளேயே. பின்தொடர்ந்து தொல்லை தருபவன், அநாகரிகமாக நடப்பவன், ஒரு முறை கை நீட்டியவன் பற்றி மாணவி ஒருத்தி புகார் கொடுக்கும்போது அதை ஏட்டில் பதிந்து விசாரிப்பது, நூறு பூட்டுகளைவிட நல்ல காவல்.

ஆகவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சட்டம் பயில்வோர் மேற்சொன்ன தீர்ப்புகளை முழுதும் படியுங்கள். செய்தித்தாளில் வரும் நாலு வரியோடு நின்றுவிடாதீர்கள். உளவியல் பயில்வோரும் புள்ளியியல் பயில்வோரும் ஒன்றுகூடுங்கள். ஒப்பிடக் கூட்டமில்லாத எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள். மருத்துவம் பயில்வோர் தடயத்தை எடுக்கவும் காக்கவும் கற்பதைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் கருதாதீர்கள். நிதாரியில் அறுந்த சங்கிலி உங்கள் கையிலும் அறுந்துவிடக்கூடாது. நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பட்டிமன்றத்தில், தூக்கு வேண்டுமா வேண்டாமா என்று பேசிக் கைதட்டு வாங்கியது போதும். காணாமற் போன ஏழைக் குழந்தையின் தாய் காவல் நிலையப் படியேறினால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இந்த ஆண்டு பேசுவோம்.

அரக்கன் என்று சொல்லிவிட்டு உறங்கிவிடுவது எளிது. ஆனால் நிதாரியின் தாய்மார் உறங்கவில்லை. அவர்களுக்கு நாம் தர வேண்டியது சாபச் சொல் அன்று, விடை.